துணிந்து கொடுக்கும் கை

– பி.காம். மூன்றாம் ஆண்டு மாணவன்

வணிகவியல் படிக்கும் மாணவரிடம், "படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "பாங்க் பரீட்சை எழுதப் போகிறேன்." இதில் குற்றம் ஒன்றும் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம், ஊரில் நாலு பேர் மதிக்கும் நாற்காலி, தங்கையின் திருமணத்திற்கு ஒரு பிடிமானம் என்று நம் பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆனால் வங்கி என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்றும் கேட்பதில்லை.

மும்பை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் முதலீட்டு வங்கிகளில் கை நிறையச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் பலர், அந்த வேலையை விட்டு 'வென்ச்சர் கேப்பிட்டல்' எனப்படும் துணிகர மூலதனத் தொழிலுக்குப் போக விரும்புகின்றனர். "சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு இதைப் பற்றி எழுத உனக்கு என்ன வந்தது?" என்று நண்பர்கள் நகைக்கக் கூடும். நகைத்து முடித்தபின் சற்றே பொறுமையுடன் படிக்குமாறு வேண்டுகிறேன். இது நம்மைத் தொடாத செய்தி என்று நான் கருதவில்லை.

தரகரும் பங்காளியும்

முதலில் இரு தொழில்களையும் பிரித்து அறிந்துகொள்வோம். சேமிப்புப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு நகைக் கடனும் பயிர்க் கடனும் கொடுக்கும் வங்கி வேறு. முதலீட்டு வங்கி வேறு. ஒரு நிறுவனம் பங்குகளை வெளியிட்டுப் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டுமா? மற்றொரு நிறுவனத்தை விலைக்கு வாங்க வேண்டுமா? அல்லது தன்னையே விற்றுவிட வேண்டுமா? அங்கெல்லாம் நடுவில் நின்று, கணக்குப் பார்த்து, விலை மதித்து, இரு தரப்பையும் உடன்படச் செய்து, அதற்கெனக் கட்டணம் பெறுவதே முதலீட்டு வங்கியின் வேலை. நம் நாட்டில் முன்பு இதனை மெர்ச்சண்ட் பாங்கிங் என்று அழைத்தனர். மாட்டுத் தாவணியில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் தரகரை நாம் அறிவோம். அவர் செய்வதைக் கோடிக் கணக்கில் செய்கிறவர் முதலீட்டு வங்கியாளர் எனலாம். இது இழிவாகச் சொன்னதன்று. நல்ல தரகர் இல்லையேல் நல்ல சந்தை இல்லை.

துணிகர மூலதனமோ, இன்னும் முழு உருவம் பெறாத ஒரு தொழிலை நம்பிப் பணம் போடுவது. அப்பணம் கடனாகப் போவதில்லை, பங்காகப் போகிறது. ஆகவே பொதுவாக அதற்கு மாத வட்டி இல்லை. ஈடாக வீட்டுப் பத்திரமும் இல்லை. தொழில் மூழ்கினால் போட்ட பணமும் மூழ்கும். தொழில் வளர்ந்தால் பங்கின் மதிப்பும் உடன் வளரும். இப்படிப் போடும் பணமும் பெரும்பாலும் அவருடையதன்று. காப்பீட்டு நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள், பெருஞ்செல்வர்கள் முதலியோரிடம் திரட்டி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் பொறுப்பேற்று நிர்வகிக்கிறார். நிதியில் ஆண்டுக்கு 2 விழுக்காடு நிர்வாகக் கட்டணம், இறுதியில் இலாபத்தில் 20 விழுக்காடு பங்கு என்பது உலகெங்கும் பரவலாக உள்ள வழக்கம்.

வேறுபாடு இப்போது விளங்கும். மாடு கைமாறிய அன்றே தரகரின் வேலை முடிந்தது. பங்காளியோ அந்த மாடு ஈனும் வரை, கறக்கும் வரை, நோயுற்றால் வைத்தியம் பார்க்கும் வரை கூடவே இருக்க வேண்டும்.

ஒரு கடிதம் செய்த வேலை

இந்த மாற்றத்திற்கு முன்னோடியாகச் சொல்லத்தக்கவர் அமெரிக்கர் ஆர்தர் ராக். 1957-இல் இவர் நியூயார்க்கில் ஹேடன் ஸ்டோன் என்னும் முதலீட்டு வங்கியில் பணியாற்றி வந்தார். கலிபோர்னியாவில் ஷாக்லி என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியிடம் வேலை செய்த எட்டு இளைஞர்கள், அவருடைய போக்குப் பிடிக்காமல், எட்டுப் பேரும் சேர்ந்தே வேறு வேலைக்குப் போக வழி தேடினர். அவர்களுள் ஒருவர் எழுதிய கடிதம் அந்த வங்கிக்கு வந்து, ராக்கின் கைக்குக் கிடைத்தது. வேலை தேடித் தருவதோடு அவர் நின்றிருக்கலாம். "நீங்கள் ஏன் வேலை தேட வேண்டும்? தனி நிறுவனமே தொடங்கலாமே?" என்பது அவர் யோசனை. முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களை அணுகினார், ஒன்றும் முன்வரவில்லை. இறுதியில் ஷெர்மன் ஃபேர்சைல்டு என்பவர் இசைந்தார். ஃபேர்சைல்டு செமிகண்டக்டர் பிறந்தது.

1961-இல் ராக் நியூயார்க்கை விட்டுக் கலிபோர்னியாவிற்கே குடிபெயர்ந்து, டேவிஸ் என்பவருடன் கூட்டாகத் துணிகர மூலதன நிறுவனம் தொடங்கினார். அவர்கள் முதலிட்ட சுமார் 30 இலட்சம் டாலர், சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 கோடி டாலராகத் திரும்பியது. அந்த எட்டுப் பேரில் இருவரான ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968-இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, அதற்கு வேண்டிய 25 இலட்சம் டாலரைத் திரட்டித் தந்தவரும் ராக்தான். தொழிலைவிட அதை நடத்தப் போகும் ஆளையே தாம் முதலில் பார்த்ததாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். திருக்குறளில் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே இருக்க, ஆளை அறிந்து நம்பும் கலை நமக்குப் புதிதென்று யார் சொல்ல முடியும்?

நம் நாட்டில்

இந்தியாவில் இத்தொழிலின் வேர் அரசின் நிதி நிறுவனங்களில் இருக்கிறது. 1975-இல் இந்தியத் தொழில் நிதிக் கழகம், முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்குவோர்க்கென ஓர் அமைப்பை நிறுவியது. 1986-இல், வெளிநாட்டுத் தொழில்நுட்பத்திற்குச் செலுத்தும் பணத்தின் மீது 5 விழுக்காடு தீர்வை விதித்து, அதிலிருந்து துணிகர நிதிக்கு வழிசெய்யும் சட்டம் வந்தது. 1988-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. நிறுவனமும் யூனிட் டிரஸ்டும் கூட்டாகப் பெங்களூரில் டி.டி.ஐ.சி.ஐ. என்ற துணிகர மூலதன நிறுவனத்தைத் தொடங்கின. அவை அமைத்த முதல் நிதியின் அளவு 20 கோடி ரூபாய்.

அப்போது ஐ.சி.ஐ.சி.ஐ.யின் தலைவராக இருந்தவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த நாராயணன் வாகுல். அவரும் நம்மைப் போல வணிகவியல் படித்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகப் பட்டதாரி. ஸ்டேட் வங்கியில் அதிகாரியாகச் சேர்ந்து, 1981-இல் பாங்க் ஆப் இந்தியாவின் தலைவராகி, 1985-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.க்கு வந்தார். 2024 மே மாதம் சென்னையில் காலமானார். வாழ்நாளெல்லாம் ஈடு வாங்கிக் கடன் கொடுக்கும் உலகில் வளர்ந்த ஒருவர், ஈடில்லாத இளைஞரை நம்பிப் பணம் போடும் அமைப்புக்குத் துணை நின்றார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1978-இல் பெங்களூரில் ஒரு சிறு வாடகைக் கொட்டகையில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கிய கிரண் மஜும்தார், இளம் பெண் என்பதாலும், புரியாத தொழில் என்பதாலும் வங்கிகளில் கடன் கிடைக்காமல் அலைந்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 1980-களின் பிற்பகுதியில் அந்த நிறுவனத்திற்குத் துணிகர மூலதனம் கிடைக்க உதவியவர்களுள் வாகுல் முதன்மையானவர்.

முதலீட்டு வங்கித் தொழிலிலிருந்தே நேராக இப்பக்கம் வந்தவர்க்கு ரேணுகா ராம்நாத் நல்ல எடுத்துக்காட்டு. மும்பையில் ஜவுளிப் பொறியியல் படித்தவர். 1986-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யின் மெர்ச்சண்ட் பாங்கிங் பிரிவில் சேர்ந்தார். 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வென்ச்சர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2009-இல் அதை விட்டு வெளியேறி, மல்ட்டிபிள்ஸ் என்ற தம் சொந்த முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். பாவும் ஊடையும் பற்றிப் படித்த ஒருவர் கோடிகளை ஆளும் இடத்திற்குப் போக முடியும் என்பது, தறிச் சத்தத்தில் கண் விழிக்கும் நம் ஊருக்குப் பொருளற்ற செய்தியா?

கண் மாற வேண்டும்

இந்தத் தொழில் மாற்றத்தில் மாறுவது மேசையும் சம்பளமும் மட்டும் அல்ல. பார்க்கும் கண்ணே மாற வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வங்கி, பத்துப் பேருக்கு ஆளுக்கு 1 கோடி ரூபாய், 10 விழுக்காடு வட்டியில் கடன் கொடுக்கிறது என்று கொள்வோம். அவர்களில் ஒருவர் மட்டும் முழுதாக ஏமாற்றிவிட்டால், மற்ற ஒன்பது பேர் ஓராண்டில் கட்டும் வட்டி 90 இலட்சம். போன முதலோ 1 கோடி. பத்தில் ஒன்று தவறினாலே முதலுக்கு மோசம்! ஆகவே வங்கி மேலாளர் பத்திரம் கேட்பதற்குக் காரணம் கல்நெஞ்சம் அன்று, கணக்கு. அவர் கையில் இருப்பது, பூக்கட்டும் பெண்மணி சிறுகச் சேர்த்துப் போட்ட பணம். அதை அவர் காக்கத்தான் வேண்டும்.

அதே பத்துக் கோடியைத் துணிகர மூலதனக்காரர் பத்து நிறுவனங்களில் பங்காகப் போடுகிறார் என்று கொள்வோம். ஆறு மூழ்கிவிடுகின்றன. மூன்று போட்ட பணத்தை மட்டும் தருகின்றன. ஒன்று இருபது மடங்காகிறது. அப்போது கைக்கு வருவது 23 கோடி. பத்தில் ஆறு தவறியும் அவர் பிழைக்கிறார். முன்னவர் கேட்க வேண்டிய கேள்வி, "இது எப்படிக் கெடக் கூடும்?" என்பது. பின்னவர் கேட்க வேண்டியது, "இது எவ்வளவு தூரம் வளரக் கூடும்?" என்பது. இரண்டும் நேர்மையான கேள்விகளே. ஆனால் ஒன்றுக்குப் பழகிய கண் மற்றதற்கு உடனே பழகாது.

நம் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. பர்மாவின் நெல் வயல்களை வளர்த்தது நம் நகரத்தார் கொடுத்த பணம். ஆனால் அது கடன். 1930-இல் உலகெங்கும் விலை வீழ்ச்சி வந்தபோது உழவர்களால் கடனைக் கட்ட முடியவில்லை. ஈடான நிலம் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடு நிலமே அவர்களிடம் இருந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது நான்கில் ஒரு பங்காயிற்று. உழவரும் வருந்தினர், நிலத்தை விரும்பாத நகரத்தாரும் பகையைத் தேடிக்கொண்டனர். கடன் நல்ல காலத்தில் இருவரையும் வாழ வைக்கும். கெட்ட காலத்தில் ஒருவரின் நட்டத்தை மற்றவர் தலையில் ஏற்றிவிடும். பங்கோ நட்டத்தையும் பங்கிடும்.

நம் ஊரில்

என் தந்தையார் விசைத்தறியில் கூலிக்கு நெய்பவர். உறவில் எனக்கு அண்ணன் முறையாகும் ஒருவர், பாலிடெக்னிக்கில் படித்தவர். தறி ஓடும்போதே துணியில் விழும் பழுதைக் கண்டு தறியை நிறுத்தும் சிறு கருவி ஒன்றைச் செய்தார். இரண்டு தறிகளில் பொருத்தி ஓட்டியும் காட்டினார். வங்கி ஒன்றில் கடன் கேட்டார். மேலாளர் அன்பாகவே பேசினார்; ஈடு கேட்டார். குடியிருப்பதோ வாடகை வீடு. பிறகு பெருநகரத்து முதலீட்டாளர் ஒருவரிடம் தொலைபேசியில் பேச வாய்ப்புக் கிடைத்தது. எந்தக் கல்லூரி, சந்தையின் மொத்த அளவு என்ன, ஐந்தாண்டுத் திட்டம் எங்கே என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணனுக்கு அந்த மொழி கைவரவில்லை. அவருக்குத் தறிக்கூடம் கண்ணில் தெரியவில்லை. ஒரு பழுதால் ஒரு சேலைக்கு எவ்வளவு விலை குறையும், அந்த நட்டம் யார் கூலியில் பிடிக்கப்படும் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அண்ணன் விடிய விடிய விடை சொல்லியிருப்பார். இப்போது அவர் திருப்பூரில் மாதச் சம்பளத்திற்கு இருக்கிறார். கருவி வீட்டுப் பரணில் இருக்கிறது.

அந்தக் கருவி வெற்றி பெற்றிருக்கும் என்று நான் சாதிக்கவில்லை. பத்தில் மூழ்கும் ஆறில் ஒன்றாகவும் அது இருந்திருக்கலாம். அதைச் சீர்தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பணம் கொடுக்கும் பக்கத்தில் இல்லை என்பதே என் குறை. சேலையின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தே நூலின் தரத்தைச் சொல்லும் ஜவுளி உற்பத்தியாளர்கள் நம் ஊரில் உண்டு. பூச்சந்தையில் கமிஷன் கடைக்காரர், எந்த விவசாயிக்கு நம்பி முன்பணம் கொடுக்கலாம் என்பதை எந்தப் பத்திரமும் இன்றி அறிவார். புளியங்குடியில் எலுமிச்சை வியாபாரியும் அப்படியே. ஆளையும் தொழிலையும் மதிக்கும் அறிவு இங்கே இருக்கிறது. பெரும் பணம் வேறு ஊரில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஆள் நம்மிலிருந்து போக வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லாவற்றுக்கும் இது மருந்தா?

இல்லை. ஆடித் தபசுக்குக் கடை போடுகிறவர் வாங்கும் பணம் கடனாக இருப்பதே முறை; திருவிழா முடிந்ததும் விற்ற பணத்தில் திருப்பிவிடலாம். பத்துத் தறி வைத்து நிதானமாக நடத்துகிறவர்க்குப் பங்காளி தேவையில்லை. குறைந்த வட்டியில் நூல் வாங்கப் பணம் போதும். துணிகர மூலதனம் வேகமாக வளர்ந்து பன்மடங்காகக் கூடிய தொழிலையே தேடும். பத்தாண்டில் பணத்தைத் திருப்பித் தர வேண்டிய அவசரமும் அதற்கு உண்டு. அந்த அவசரம் வேண்டாம் என்று விலகி நின்று வளர்ந்த நிறுவனமும் நம் மாவட்டத்திலேயே அலுவலகம் வைத்திருக்கிறது. 1996-இல் தொடங்கப்பட்டு, தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் கிளை பரப்பிய ஜோஹோ, வெளி முதலீட்டாளர் பணத்தை ஏற்காமல் தன் வருவாயிலேயே வளர்ந்தது. எனவே துணிகர மூலதனத்தை வேண்டாம் என்று சொல்லவும் தெரிய வேண்டும். அதற்கும் அதை அறிந்திருக்கத்தானே வேண்டும்?

"பிறர் பணத்தில் சூதாடுவது இது" என்று சிலர் சொல்வர். ஆராயாமல் போட்டால் சூதாட்டமே. ஆராய்ந்து போட்டு, கூடவே உழைத்து, தவறினால் தானும் பெயர் இழக்கும் ஒருவரைச் சூதாடி என்பது பொருந்தாது. இதற்குக் கட்டுப்பாடும் உண்டு. இத்தகைய நிதிகள் செபியின் 2012-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பதிவு பெற வேண்டும். ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாயாவது போட்டால்தான் சேர முடியும் என்பதால், ஏழையின் சேமிப்பு இதில் சிக்குவதில்லை.

"ஐ.ஐ.எம். படித்தவர்க்கே இது கிட்டும், நமக்கேது?" என்பது அடுத்த கேள்வி. இதில் உண்மை இருக்கிறது. முதலீட்டு வங்கிகளின் வாசலில் கல்லூரிப் பெயரைப் பார்த்தே கதவு திறக்கிறார்கள். ஆனால் துணிகர மூலதனத்திற்கு அது ஒன்றே வழி அல்ல. தொழில் நடத்திப் பழகியவர்களும், ஒரு துறையை அடிமுதல் நுனிவரை அறிந்தவர்களும் அங்கே வேண்டப்படுகின்றனர். முதலீட்டு வங்கியிலிருந்து வருகிறவர் விலை மதிப்பதில் வல்லவர். ஆனால் ஒரு பட்டறையை ஒரு நாள்கூட நடத்தியிராதவராக அவர் இருக்கலாம். அவரிடம் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. நம்மிடம் இல்லாதது அவரிடம் இருக்கிறது. நம்மிடம் இல்லாததைக் கற்றுக்கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கவை

ஐந்தொகையை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல், ஒரு நிறுவனத்தின் கதையாகப் படிப்போம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன; மாதம் ஒன்று படித்தாலும் மூன்றாண்டில் முப்பதுக்கு மேல் ஆகும். பட்டயக் கணக்கர் படிப்பை எட்டாக் கனியென்று ஒதுக்காமல் முயல்வோம். நம் ஊர்த் தொழில் ஒன்றை, தறியோ பூவோ எலுமிச்சையோ, கொள்முதல் முதல் கடைசி விற்பனை வரை கணக்கெழுதிப் பார்ப்போம். ஆங்கிலத்தை அஞ்சாமல் பழகுவோம். வங்கியில் வேலை கிடைத்தால் மகிழ்ச்சியோடு சேர்வோம். ஆனால் கடன் மனுவோடு வருகிறவரின் பத்திரத்தோடு அவருடைய தொழிலையும் பார்க்கப் பழகுவோம். வாகுலும் வங்கியில்தான் தொடங்கினார்.

அரசும் கதவைத் திறந்திருக்கிறது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்புக்குத் திருநெல்வேலியில் வட்டார மையம் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நடத்தும் தொடக்க நிறுவனங்களில் பங்கு முதலீடு செய்வதற்கென 2022-23-இல் 30 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அரசே கடன்காரராக இல்லாமல் பங்காளியாக வரும் இம்முயற்சியை நம் மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்? நம் வணிகவியல் மன்றம் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அம்மையத்தாரை அழைத்து, தறிக்காரரையும் அவர்களையும் நம் கல்லூரி அரங்கில் எதிரெதிரே அமர்த்த வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே! கை ஏந்தி நிற்கும் பக்கத்தை நம் முந்தைய தலைமுறை நன்கு அறியும். கொடுக்கும் பக்கத்தில் நம்மில் ஒருவர் சென்று அமரும் நாளில், அவர் முன் வந்து நிற்கும் இளைஞனிடம் கல்லூரியின் பெயரைக் கேட்பதற்கு முன், "கருவியைக் காட்டு, தம்பி" என்று கேட்பாரானால், அவர் பெற்ற பட்டத்திற்கு அதைவிடப் பெருமை வேறில்லை.